ஹோட்டல்காரர் ஆர்டர் கொடுத்த விமானம்

பூந்தமல்லியில் ஏறி பிராட்வே வரைக்கும் 54-ல் போனவங்களுக்கு 'சிம்சன்' ஸ்டாப் தெரியாம இருக்காது. பெரியார் சிலை, பக்கத்துலயே பழைய கம்பெனி, கொஞ்சம் தள்ளி கூவம், அதைத் தாண்டினா தீவுத்திடல். நம்மில் பலருக்கு அது இறங்கி பஸ் மாறுற இடம், அவ்வளவுதான். அந்த சிம்சன் கம்பெனி 1910-ல் ஒரு விமானம் கட்டிக் கொடுத்திருக்கு. ஆர்டர் கொடுத்தது ராணுவம் இல்லை, அரசாங்கமும் இல்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கிட்டிருந்த ஒருத்தர்.

அவர் பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கோர்சிகா தீவைச் சேர்ந்தவர் என்று எழுதுகிறார்கள். நெப்போலியன் பிறந்த அதே தீவு. சென்னையில் கேக், மிட்டாய் வகைகள் செய்து விற்பதில் ஆரம்பித்து, பெரிய இடத்து விருந்துகளுக்கு சமையல் எடுத்துச் செய்யும் அளவுக்கு வளர்ந்து, 1900-களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில் சொந்தப் பெயரிலேயே ஹோட்டல் நடத்தினார். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் வசதியான ஹோட்டல். பின்னாளில் அது பொசோட்டோ என்கிற இன்னொரு குடும்பத்தின் கைக்குப் போனது. இப்படிப்பட்ட ஆள் நிம்மதியாகப் பணம் எண்ணிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனா மனுஷனுக்கு இயந்திரங்கள் மேல் பைத்தியம்.

1909 ஜூலை 25-ஆம் தேதி பிரான்சில் லூயி ப்ளேரியோ என்பவர் ஒற்றை இறக்கை விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். சுமார் 36 நிமிஷம். 25 ஹார்ஸ்பவர், மூன்று சிலிண்டர் அன்சானி என்ஜின். ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டாலும், உலகத்துக்கு 'இது நிஜம்' என்று உறைத்தது ப்ளேரியோவுக்கு அப்புறம்தான். அடுத்த சில மாதங்களில் ஐரோப்பா முழுக்க பணக்காரர்கள், கார் பந்தயக்காரர்கள், மெக்கானிக்குகள் எல்லாரும் விமானம் கட்ட இறங்கினார்கள். அந்த ஜுரம் டி ஏஞ்சலிஸையும் பிடித்தது. எட்டு மாதம் கூட ஆகலை, 1910 மார்ச்சில் சென்னையில் அவருடைய சொந்த டிசைனில் ஒரு விமானம் தயார். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கே ரெண்டு செமஸ்டர் ஆகுது என்பதை இங்கே பணிவோடு நினைவுபடுத்துகிறேன்.

சரி, ஹோட்டல்காரர் வரைந்து கொடுத்ததைக் கட்ட ஏன் சிம்சன்? இந்தக் கேள்விதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது.

சிம்சன் 1840-ல் ஆரம்பித்த கம்பெனி. தொழில், குதிரை வண்டி கட்டுவது. கோச்சு வண்டி, சாரட்டு, பிறகு ரயில் பெட்டி, பிறகு மோட்டார் பாடி. 'வண்டி கட்டுறவனுக்கு விமானம் எப்படித் தெரியும்'னு தோணலாம். ஆனா 1910-ல் விமானம் என்பது என்ன? மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, இறுக்கமாக முறுக்கின கம்பிகள், லேசான சக்கரங்கள், நடுவில் ஒரு என்ஜின். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வண்டி கட்டுபவரின் கைவேலை. வளைந்தாலும் உடையாத மரம் எது, இணைப்பை எங்கே போட்டால் குலுங்கலில் பிளக்காது, ஆரக்கால் சக்கரத்தை எவ்வளவு லேசாக இழைக்கலாம், வார்னிஷ் எத்தனை கோட் அடித்தால் ஈரம் இறங்காது, இதையெல்லாம் எழுபது வருஷமாகக் கையால் கற்றுக்கொண்ட பட்டறை அது. ரைட் சகோதரர்கள் இறக்கைக்குப் போட்டதே சாதாரண மஸ்லின் துணி. அவர்கள் தொழில் சைக்கிள் கடை. யோசிச்சுப் பார்த்தா, மெல்லிய கம்பிகளை இழுவிசையில் வைத்து ஒரு கட்டமைப்பை உறுதியாக்குவதுதான் சைக்கிள் சக்கரம். அதே வித்தைதான் அந்தக்கால விமான இறக்கையிலும்.

சிவில் நண்பர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரட்டை இறக்கை விமானத்தின் அடிப்படைக் கட்டமைப்பு ஒரு பாலம். மேல் இறக்கை, கீழ் இறக்கை, நடுவில் நிற்கும் கட்டைகள், குறுக்கே போகும் கம்பிகள்: இது நாம் மூன்றாவது செமஸ்டரில் போராடும் பிராட் ட்ரஸ். 1896-ல் தன் கிளைடரில் இதைக் கொண்டுவந்தவர் ஆக்டேவ் சனூட். அவர் தொழிலே ரயில்வே பாலங்கள் கட்டுவது. ரைட் சகோதரர்கள் அதை அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

சிம்சனில் இன்னொரு முக்கியமான ஆள் இருந்தார். சாமுவேல் ஜான் கிரீன். 1903-ல் சென்னையில் நீராவியில் ஓடும் கார் ஒன்றை உள்ளூரிலேயே கட்டி ரோட்டில் ஓட்டிக் காட்டியவர். 1905-ல் சிம்சன் நீராவி பஸ்ஸும் கட்டியது, அது பெஜவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் நடுவே ஓடியது. அதாவது வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து, இங்கே கிடைக்கிற ஆட்களையும் பொருளையும் வைத்து, ஓடுகிற ஒன்றைச் செய்து பழகிய பட்டறை. டி ஏஞ்சலிஸ் அங்கே போனது தற்செயல் இல்லை. பணம் உள்ள வாடிக்கையாளர், கையில் ஒரு டிசைன். எதிரே 'முடியாது'ன்னு சொல்லாத பட்டறை. இன்னைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் ஷெட்டுக்குள் கையால் வரைந்த பேப்பரோடு போய் நிற்கும் நம்ம பசங்களும் இதே காட்சிதான். டர்னர் அண்ணன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'தம்பி, இந்த டாலரன்ஸ் உண்மையிலேயே வேணுமா, இல்ல சும்மா போட்டிருக்கியா?'ன்னு கேட்பார் பாருங்க, அந்த மாதிரி ஒரு கேள்வி சிம்சனிலும் கட்டாயம் கேட்கப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது என்ஜின். டி ஏஞ்சலிஸ் விமானத்தில் இருந்தது குறைந்த ஹார்ஸ்பவர் என்ஜின். குறைந்த சக்தியில் ஒரு ஆள் ஏறிப் பறக்க முடியுமா? முடியும், ஆனா விலை கொடுக்கணும். கீழே வர்ற எண்கள் அவருடைய விமானத்தின் எண்கள் இல்லை. அந்தக்கால இரட்டை இறக்கை விமானத்துக்குப் பொருந்தும்படி நானே எடுத்துக்கொண்டவை.

ஆளோடு சேர்த்து எடை 350 கிலோ. இறக்கைப் பரப்பு 35 சதுர மீட்டர். லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் 1. லிஃப்ட் என்பது காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், இறக்கைப் பரப்பு, கோஎஃபிஷியன்ட் எல்லாத்தையும் பெருக்கினால் வருவது. 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.146 கிலோ. இதையெல்லாம் போட்டா, தரையை விட்டு எழும்ப வேண்டிய வேகம் மணிக்கு 47 கிலோமீட்டர். அவ்வளவுதான். நூறடி ரோட்டில் ஷேர் ஆட்டோ போற வேகம். லிஃப்டுக்கும் டிராகுக்கும் விகிதம் 6 என்று வைத்தால், காற்றைத் தள்ளிக்கொண்டு போக சுமார் 10 ஹார்ஸ்பவர். புரொப்பெல்லர் அறுபது சதவீதம்தான் உருப்படியாக வேலை செய்யும் என்றால், என்ஜின் 17 ஹார்ஸ்பவர் தரணும். நம்ம பார்க்கிங்கில் நிற்கிற 160 சிசி பைக் கிட்டத்தட்ட இவ்வளவு தரும்.

இப்போ அதே எடைக்கு இறக்கையைப் பாதியாக்கி 17.5 சதுர மீட்டர் வையுங்கள். தேவையான வேகம் 67 கிலோமீட்டராகும், என்ஜின் 24 ஹார்ஸ்பவர் கேட்கும். ப்ளேரியோவின் 25 ஏன் என்று இப்போ புரியுது இல்லையா? என்ஜின் பலவீனமா இருந்தா, இறக்கையை ரெண்டு அடுக்காக்கி மெதுவாகப் பறப்பதுதான் வழி. அந்த ரெண்டு அடுக்கும், நடுவில் உள்ள கட்டைகளும் கம்பிகளும் காற்றை இழுக்கும், அதனால் வேகமாகப் போகவே முடியாது. அது வேற கணக்கு.

இதில் சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு: வெயில். 1903 டிசம்பர் 17-ஆம் தேதி ரைட் சகோதரர்கள் முதலில் பறந்த காலை, குட்டையில் தண்ணீர் உறைந்து கிடந்த குளிர். பூஜ்ஜியம் டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 1.29. சென்னை வெயிலில் அது கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைவு. இறக்கைக்கும் கம்மிக் காற்று, புரொப்பெல்லருக்கும் கம்மிக் காற்று, என்ஜின் சிலிண்டருக்குள்ளும் கம்மிக் காற்று. மூணு பக்கமும் அடி. அதுக்கு மேல, அவர்களுக்கு அன்றைக்கு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் எதிர்க்காற்று வேறு வீசியது. தரையில் சக்கரம் ஓட வேண்டிய வேகத்தில் பாதிக்கு மேல் காற்றே கொடுத்துவிட்டது. ஐரோப்பியக் குளிரில் சோதித்த என்ஜினை மார்ச் மாதச் சென்னையில் நம்பிப் பறப்பது தைரியம் மட்டும் இல்லை, டிசைனில் கொஞ்சம் தாராளமும் வேணும்.

சோதனை ஓட்டத்துக்கு அவர் போன இடம் பல்லாவரம். சிம்சனில் இருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தீவுத்திடல் பக்கத்திலேயே இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம்? அன்றைய பல்லாவரம் ஊருக்கு வெளியே, பட்டாளத்து இடம், குன்றும் திறந்த வெளியும். முதல் முறை விழுந்து எழுவதை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டாம் என்று எந்த இன்ஜினியரும் நினைப்பார். அங்கே சோதித்துத் திருப்தியான பிறகுதான் அதே மார்ச் மாதம் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னால் பறந்து காட்டினார். பார்க்கக் கட்டணம் வைத்து. ஹோட்டல்காரர் ஹோட்டல்காரர்தான்!

ஓட்டியதும் அவரேதான். அன்றைக்கு இந்தியாவில் விமானம் ஓட்டச் சொல்லித்தர ஒரு பள்ளி கிடையாது. சிமுலேட்டர் கிடையாது, பக்கத்து சீட்டில் வாத்தியார் கிடையாது. தரையில் உருட்டிப் பழகி, ஒரு சின்ன துள்ளல், இன்னொரு துள்ளல், இப்படித்தான் அந்தக் காலத்தில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். இதில் ஒரு ஏமாற்று வேலையும் இயற்கையே செய்யும். தரைக்கு மிக அருகில் பறக்கும்போது இறக்கையின் டிராக் குறையும், அதனால் விமானம் லேசாக மிதக்கும். கிரவுண்ட் எஃபெக்ட். 'ஆஹா, பறக்கிறோம்' என்று இன்னும் மூக்கைத் தூக்கினால், அந்த உதவி போய், பலவீனமான என்ஜின் திணறி, தொப்பென்று விழும். அந்தக் காலத்துப் பல விமானங்கள் இப்படித் துள்ளியதோடு முடிந்தன. எது துள்ளல், எது பறத்தல் என்ற சண்டை இதனால்தான் உலகம் முழுக்க இன்னும் நடக்குது. ரைட் சகோதரர்களின் முதல் பறப்பே 12 வினாடி, 120 அடி. நம்ம காலேஜ் வாலிபால் கோர்ட்டு ரெண்டை வரிசையாகப் போட்ட நீளம்.

இந்தியாவின் முதல் பறப்பு எது என்று கூகுளில் தேடினால் பெரும்பாலும் அலகாபாத் என்று வரும். 1910 டிசம்பரில் அங்கே கண்காட்சிக்காக இங்கிலாந்தின் ஹம்பர் கம்பெனி விமானங்களும் விமானிகளும் கப்பலில் வந்தார்கள். 1911 பிப்ரவரி 18-ஆம் தேதி ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். பெரிய சாதனை, மறுப்பே இல்லை. ஆனா தேதியைப் பாருங்க. சென்னையில் பறந்தது மார்ச். அலகாபாத் அதற்கு ஒன்பது மாதம் கழித்து. ஜப்பானில் டோக்குகாவா என்ற ராணுவ அதிகாரி முதலில் பறந்ததும் அதே 1910 டிசம்பரில்தான், அதுவும் ஐரோப்பாவில் வாங்கிய விமானத்தில். சென்னை விமானம் மவுண்ட் ரோட்டில் கட்டினது.

அப்புறம் ஏன் அலகாபாத் நினைவில் நிற்குது? தபால்தான் காரணம் என்பது என் கணிப்பு. அந்த 6,500 கடிதங்களிலும் விமானம் போட்ட தனி முத்திரை குத்தப்பட்டது. அதை உலகமெங்கும் இருக்கும் தபால்தலை சேகரிப்பவர்கள் பத்திரமா வெச்சிருக்காங்க, ஏலம் விடுறாங்க, நூற்றாண்டு கொண்டாடுறாங்க. தீவுத்திடலில் டிக்கெட் வாங்கிப் பார்த்த கூட்டம் வீட்டுக்குப் போய்க் கதை சொல்லியிருக்கும். கதை ரெண்டு தலைமுறைக்கு மேல் தாங்காது. டி ஏஞ்சலிஸின் பெயர் நம்ம காலத்துக்கு வந்து சேர்ந்ததில் பெரும்பங்கு எஸ். முத்தையாவுக்கு. 'தி ஹிந்து'வில் வாராவாரம் சென்னையின் பழைய கதைகளை எழுதி வந்தவர், 2019-ல் காலமானார்.

இதுல எனக்கு ஒரு கோபமும் உண்டு. 1895-ல் பம்பாய் சௌபாத்தி கடற்கரையில் ஷிவ்கர் பாபுஜி தல்படே என்பவர் விமானம் பறக்கவிட்டார் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றும். 2015-ல் அதை வைத்து 'ஹவாய்ஸாதா'ன்னு இந்திப் படமே வந்தது. பறந்ததுக்கு நம்பும்படியான சாட்சி கிடையாது. இதோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் 'வைமானிக சாஸ்திரம்' நூலில் உள்ள விமானங்களை 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் ஐந்து பேர் கணக்குப் போட்டுப் பார்த்து, இது எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். பறக்காத விமானத்துக்கு சினிமா. நம்ம ஊர்ப் பட்டறையில் ஆட்கள் இழைத்து, துணி இழுத்து, வார்னிஷ் அடித்துப் பறந்த விமானத்துக்கு ஒரு ரீல்ஸ் கூட இல்லை. டி ஏஞ்சலிஸ் வெள்ளைக்காரர், அதனால் 'நம்ம பெருமை' லிஸ்ட்டில் சேராது என்று சிலர் நினைக்கலாம். டிசைன் அவருடையது, சரி. உளி பிடித்த கைகள் யாருடையவை?

அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்றால், தொழிலாக எதுவும் ஆகலை. இது அவருடைய தவறு இல்லை. ஒரு விமானத்தை ஒரு பணக்காரர் செலவில் கட்டலாம். ரெண்டாவதைக் கட்ட வாங்குபவர் வேண்டும், என்ஜின் வார்க்கும் ஆலை வேண்டும். ரைட் சகோதரர்களுக்கு சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் இருந்தார். அலுமினியத்தில் பிளாக் வார்க்கச் சொல்லி, தன் லேத்தில் ஆறே வாரத்தில் 12 ஹார்ஸ்பவர் என்ஜின் செய்து கொடுத்தார். அமெரிக்க ராணுவம் பிறகு விமானம் வாங்கியது. ஐரோப்பாவில் 1914 யுத்தம் வந்து எல்லா அரசாங்கமும் வாங்கியது. இங்கே ஆண்ட அரசாங்கத்துக்கு, இந்தியாவில் விமானம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. சென்னைக்குத் தபால் விமானம் வர 1932 ஆச்சு. அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டிக்கொண்டு வர, அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொண்டு வந்தார். விமானத் தொழிற்சாலை என்று ஒன்று இந்தியாவில் வர 1940 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பெங்களூரில், வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்தது, இன்றைய ஹெச்.ஏ.எல். நாமே டிசைன் செய்த பயிற்சி விமானம் ஹெச்.டி.-2 பறந்தது 1951-ல்.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவரும் ஹோட்டலில் ஆரம்பித்தவர்தான், முதலாளியாக இல்லை, சர்வராக. சம்பளத்தைச் சேர்த்து ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஒரே ஒரு பஸ். அந்த பஸ் சம்பாதித்துக் கொடுத்த பணத்திலும், அதை ரிப்பேர் செய்த பட்டறையிலும்தான் மத்த எல்லாமே முளைத்தது. டி ஏஞ்சலிஸின் ஹோட்டல் விமானத்துக்குப் பணம் கொடுக்கலாம், ஃபிட்டர்களை வளர்க்காது.

சிம்சன் அப்புறம் டீசல் என்ஜின் பக்கம் போய்விட்டது. அனந்தராமகிருஷ்ணன் கையில் அமால்கமேஷன்ஸ் குழுமமாக வளர்ந்து, அந்தக் குழுமத்தின் டிராக்டர் தமிழ்நாட்டு வயல் எல்லாவற்றிலும் ஓடுது. விமான வேலை இப்போ நம்ம பக்கத்தில் நடப்பது ஆவடியில். அர்ஜுன் டாங்கி செய்த சி.வி.ஆர்.டி.இ.தான் தேஜஸ் போர் விமானத்தின் என்ஜினில் இருந்து ஜெனரேட்டருக்கும் பம்புக்கும் சக்தி பிரிக்கிற கியர்பாக்ஸையும் உருவாக்கியது. டாங்கிக்காரர்களுக்கு விமானம் எப்படித் தெரியும்னு இப்போ கேட்க மாட்டீங்க.

அடுத்த வருஷ மெக், ஏரோ ஜூனியர்ஸ் யாருக்காவது ஐடியா வேணும்னா ஒண்ணு சொல்றேன். மேலே போட்ட 350 கிலோ விமானத்தை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்குங்க. நீளம் ஐந்தில் ஒன்று, இறக்கைப் பரப்பு இருபத்தைந்தில் ஒன்று, அதாவது 1.4 சதுர மீட்டர். எடை நூற்று இருபத்தைந்தில் ஒன்று, 2.8 கிலோ. எழும்ப வேண்டிய வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர், சைக்கிளை அழுத்தி மிதிக்கிற வேகம். மூங்கில், மல் துணி, வார்னிஷ், ஒரு பிரஷ்லெஸ் மோட்டார். துணியை இழுத்துக் கட்டுறதுதான் கஷ்டம், அதுக்குக் குடை ரிப்பேர் பண்றவரைக் கேளுங்க. டிஜிட்டல் ஸ்கை மேப்பில் பச்சை மண்டலம் எது, என்ன அனுமதி வேணும்னு பார்த்துட்டு மட்டும் பறக்க விடுங்க. பல்லாவரத்தில் முடியாது. அது இப்போ ஏர்போர்ட்டின் ரெட் ஸோன்.